மூடிய கண்ணாடிப் பெட்டிக்குள் குட்டி ஆர்கிட்: காற்றிலிருந்து தொடங்கும் வழிகாட்டி

என் முதல் குட்டி ஆர்கிட்டை மூடி போட்ட கண்ணாடி ஜாடி ஒன்றில்தான் வைத்தேன். அடியில் கூழாங்கல், மேலே பச்சைப் பாசி, நடுவில் நகக்கண் அளவு இலைகளோடு ஒரு செடி. பார்க்க அத்தனை அழகு. மூன்றாவது வாரம் இலைகளின் அடிப்பகுதி எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளி ஊடுருவத் தொடங்கியது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் இரண்டு முறை தெளித்தேன். மறுநாள் தொட்டதும் இலை கையோடு வந்துவிட்டது.

தாகத்தால் போன செடி இல்லை அது. வேர் மூச்சு முட்டிப் போனது. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிது. இந்தச் செடிகளில் பெரும்பாலானவை மரக்கிளைகளைத் தொற்றி வாழ்பவை. ஈக்வடார், கொலம்பியா போன்ற நாடுகளின் மலைச்சரிவில் இருக்கும் முகில்காடுகளில் நாள் முழுக்க மூடுபனி வந்து வந்து போகும். கிளை நனையும், உடனே காற்று அடிக்கும், கொஞ்சம் உலரும், மறுபடி நனையும். சுற்றிலும் காற்று ஈரமாகவே இருக்கும்; ஆனால் வேர் தண்ணீரில் ஊறிக் கிடக்காது. நாம் பெட்டிக்குள் உண்டாக்க வேண்டியது இந்த நிலையைத்தான். ஈரத்தைப் பிடித்து வைப்பது கண்ணாடியின் வேலை. அந்த ஈரக் காற்றை நகர்த்திக்கொண்டே இருப்பது நம் வேலை.

மூடிய கண்ணாடிக்குள் செடி வளர்ப்பது பழைய சங்கதி. லண்டனில் நதானியேல் பாக்ஷா வார்டு என்ற மருத்துவர் வீட்டுத் தோட்டத்தில் ஃபெர்ன் வளர்க்கப் பார்த்தார். நிலக்கரிப் புகையில் எல்லாம் பட்டுப்போயின. 1829இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு சீசாவில் போட்டு மூடி வைத்தார். பூச்சிக்காகக் காத்திருந்தவர் கண்ணில் பட்டது, அந்த மண்ணில் தானாக முளைத்த ஒரு ஃபெர்னும் புல்லும். 1833இல் அவர் மூடிய கண்ணாடிப் பெட்டிகளில் அனுப்பிய செடிகள் கப்பலில் சிட்னி வரை உயிரோடு போய்ச் சேர்ந்தன. ஃபெர்னுக்கு அந்த மூடிய பெட்டி போதும். கிளையில் வாழும் ஆர்கிட்டுக்குப் போதாது. ஜாடியில் நான் செய்த தவறு அதுதான்.

செடிக்கு முன் வெப்பமானி

எல்லோரும் முதலில் செடியைத்தான் வாங்குகிறார்கள். வேண்டாம். பெட்டி வைக்கப்போகும் இடத்தில், அதிகபட்சமும் குறைந்தபட்சமும் பதிவாகும் ஒரு வெப்பமானியை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். ஈரப்பதமும் காட்டும் வகையாக இருந்தால் பிறகு பெட்டிக்குள்ளேயும் அதையே வைக்கலாம். விளக்கு எரியும்போது பெட்டிக்குள் வெப்பம் அறையைவிடச் சில டிகிரி கூடும். அதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

பகலில் 24 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் இரவில் 10 முதல் 15 வரை இறங்கினால் அது குளிர்விரும்பிகளுக்கான இடம். பகலில் 20 முதல் 26, இரவில் 14 முதல் 18 என்றால் நடுத்தரம். பகல் 28, 30 என்று போய் இரவிலும் 20க்குக் கீழே இறங்கவில்லையென்றால் வெப்பம் தாங்கும் செடிகளை மட்டும் பாருங்கள். இரவில் நாலைந்து டிகிரியாவது குறைவது எல்லா வகைக்கும் நல்லது. குளிரூட்டும் கருவி வைத்து டிராகுலா என்ற குளிர்விரும்பி ஆர்கிட்டை வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். முதல் பெட்டிக்கு அந்த வேலை வேண்டாம். மின்சாரம் ஒரு கோடை மதியம் நின்றால் போதும், வருடக் கணக்கான உழைப்பு போய்விடும்.

பெட்டி

30 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம், 45 செ.மீ. உயரம் தொடங்குவதற்கு நல்ல அளவு. உள்ளே சுமார் 40 லிட்டர் இடம் கிடைக்கும். இதைவிடச் சிறிய பெட்டி சட்டென்று சூடாகி சட்டென்று உலரும், அதனால் சின்னப் பெட்டி சுலபம் என்று நினைக்காதீர்கள். முன்பக்கம் கதவு திறப்பதாக இருந்தால் கை விட வசதி. பல்லி, தவளை வளர்க்க விற்கும் பெட்டிகளில் கதவுக்குக் கீழே ஒரு காற்றுப்பட்டையும் மேலே வலையும் இருக்கும். ஆர்கிட்டுக்கு அருமையான அமைப்பு. மேல் வலையில் முக்கால்வாசியைக் கண்ணாடித் துண்டால் மூடிவிட்டு மீதியைத் திறந்து விடுங்கள். பழைய மீன்தொட்டிதான் இருக்கிறதென்றால் மூடியின் ஓரத்தில் அரை செ.மீ. இடைவெளி விட்டால் சரி. இப்படிச் செடி வளர்க்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மூடிய டெர்ரேரியம் என்று பெயர் இருந்தாலும் காற்றே புகாதபடி அடைப்பது ஆகாது.

இன்னொன்று: பெட்டியை நேர் வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் வைக்காதீர்கள். அரை மணி நேர வெயிலில் உள்ளே இருப்பதெல்லாம் வெந்துவிடும்.

அடித்தளமும் பின்சுவரும்

அடியில் 4 செ.மீ. உயரத்துக்குச் சுட்ட களிமண் உருண்டைகள், அதன் மேல் பிளாஸ்டிக் வலை, அதற்கு மேல் மெல்லிய பாசிப் படுகை. மேலிருந்து வடியும் தண்ணீர் உருண்டைகளுக்கு இடையே தேங்கி மெல்ல ஆவியாகி ஈரப்பதத்தைக் காக்கும். நீர்மட்டம் வலையைத் தொடக் கூடாது. ஒரு மூலையில் குழாய் ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி வைத்தால் கூடுதல் நீரை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுக்கலாம். கரித்தூள் அடுக்கு கட்டாயம் என்று பலர் சொல்வார்கள். நான் போட்டும் பார்த்தேன், போடாமலும் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

பின்சுவருக்கு கார்க் பட்டைக்கு இணை எதுவும் இல்லை. அழுகாது, சொரசொரப்பாக இருப்பதால் வேர் பிடிக்கும். சிலிக்கான் பசையால் கண்ணாடியில் ஒட்டலாம்; பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத பசையாகப் பாருங்கள். ஒட்டிய பிறகு புளித்த காடி வாசனை முழுதாகப் போகும் வரை, குறைந்தது ஒரு வாரம், கதவைத் திறந்தே வைத்திருங்கள். பெயின்ட் அடித்த கட்டையோ பிசின் வடியும் கட்டையோ உள்ளே போகக் கூடாது.

செடிகளைப் பின்சுவரில் நேரடியாக ஒட்டிவிடாதீர்கள் என்பது என் தனிப்பட்ட பிடிவாதம். ஒவ்வொரு செடியையும் தனித்தனி பட்டைத் துண்டில் கட்டி, துருப்பிடிக்காத எஃகுக் கம்பியில் கொக்கி வளைத்துத் தொங்கவிடுங்கள். ஒரு செடிக்கு நோய் வந்தால் எடுத்துத் தனியே வைக்கலாம், இடம் பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம். கம்பி செம்பாக இருக்க வேண்டாம். ஈரத்தில் கரையும் செம்பு பாசிக்கும் ஆர்கிட் வேருக்கும் ஆகாது.

விளக்கு

வெள்ளை எல்இடி போதும். ஊதா நிற விளக்குகள் தேவையில்லை. அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளானது கூடக் கண்ணுக்குத் தெரியாது. பகல் வெளிச்ச நிறமுள்ள, அதாவது 5,000 முதல் 6,500 கெல்வின் வரை உள்ள விளக்கை, பெட்டிக்கு வெளியே, கண்ணாடிக்கு மேலே, தினம் 12 மணி நேரம் டைமரில் ஓடவிடுங்கள். செடி இருக்கும் உயரத்தில் 5,000 லக்ஸ் (வெளிச்சத்தின் அளவு) நிழல்விரும்பிகளுக்குப் போதும். மேல்தட்டில் 10,000 முதல் 15,000 வரை போகலாம். கைபேசிச் செயலி காட்டும் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் எந்த மூலை இருட்டு என்று கண்டுபிடிக்க உதவும். கடைசித் தீர்ப்பு இலையுடையது. கரும்பச்சையாக நீண்டு தொங்கினால் வெளிச்சம் குறைவு. வெளிர் மஞ்சளாகவோ, அந்த வகைக்கு இயல்பில்லாத செந்நிறமாகவோ மாறினால் அதிகம்.

மின்விசிறி

இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். கணினிக்குள் இருக்கும் 40 மி.மீ. விசிறி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் விசிறிகளில் பல 5 வோல்ட்டிலேயே மெதுவாக, சத்தமில்லாமல் சுற்றும். பெட்டியின் மேல்மூலையில், செடியை நோக்கி இல்லாமல் முன்கண்ணாடியை ஒட்டிக் காற்று கீழிறங்கும்படி பொருத்துங்கள். கண்ணாடியில் இறங்கிய காற்று அடியில் திரும்பிப் பின்சுவரில் ஏறி ஒரு சுற்று வரும். வெளியிலிருந்து காற்றை இழுக்கத் தேவையில்லை, உள்ளே இருப்பதைக் கிளறிவிட்டால் போதும்.

அளவு சரியா என்று பார்க்க, மெல்லிய பாசி இழை ஒன்றைச் செடி வரப்போகும் இடத்தில் தொங்கவிடுங்கள். அது லேசாக நடுங்க வேண்டும், பறக்கக் கூடாது. அப்புறம், நன்றாகத் தண்ணீர் தெளித்துவிட்டு நேரம் பாருங்கள். இலையும் பட்டையின் மேற்பரப்பும் ஒன்றரை மணி நேரத்துக்குள் காய்ந்து, ஈரப்பதமானி மட்டும் 75 சதவீதத்துக்கும் 90 சதவீதத்துக்கும் இடையே நின்றால் உங்கள் பெட்டி தயார். மாலை வரை சொட்டச் சொட்ட நின்றால் மேல்மூடியை இன்னும் திறக்க வேண்டும். பகலிலும் இரவிலும் விசிறி ஓடட்டும். ஈரத்தில் ஓடுவதால் ஒன்றிரண்டு வருடத்தில் அது நின்றுவிடும். மாற்று விசிறி ஒன்று கையில் இருக்கட்டும்.

இப்போதும் செடி வைக்காதீர்கள். விளக்கு, விசிறி, தெளிப்பு எல்லாவற்றையும் இரண்டு வாரம் வெறும் பெட்டியில் ஓட்டுங்கள். கட்டையில் வெள்ளைப் பஞ்சு போலப் பூஞ்சை கிளம்பும். பயப்பட வேண்டாம், புதுக் கட்டையில் இருக்கும் சத்து தீர்ந்ததும் அடங்கிவிடும். ஸ்பிரிங்டெயில் என்ற வெள்ளைப் பொட்டுப் பூச்சிகளைக் கொஞ்சம் விட்டால் அதைத் தின்றே தீர்க்கும். எள்ளில் பாதிகூட இருக்காது, செடியையும் தொந்தரவு செய்யாது.

எந்தச் செடி?

முதல் செடியாக ரெஸ்ட்ரெபியாவைச் சொல்வேன், இடம் நடுத்தர வெப்பமாக இருந்தால். கோடு போட்ட பூச்சி போன்ற பூ, ஒரே இலையடியிலிருந்து மறுபடி மறுபடி வரும். இலையடியில் குட்டிச் செடியும் தானாக முளைக்கும். தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும் செடி. ஸ்பெக்லினியா குரோபியையும் அப்படித்தான். மெக்சிகோ தொடங்கித் தென்னமெரிக்கா வரை பரவி வளர்வது, வெப்ப மாறுதலைத் தாங்கும். தைவானைச் சேர்ந்த ஹரேல்லா ரெட்ரோகாலா கொஞ்சம் வெப்பமான பெட்டிக்கு ஏற்றது. செடி ஐந்தாறு செ.மீ. கூட இருக்காது, பூ மட்டும் அதற்குப் பொருந்தாத அளவுக்குப் பெரியது, நடுவில் வண்டு உட்கார்ந்தது போல் ஒரு கரும்பொட்டு. தரையில் ஏதாவது வேண்டுமென்றால் மக்கோடஸ் பெட்டோலா. இலையில் தங்க நரம்புகள் மின்னும். இலைக்காகவே வளர்ப்பது.

லெபாந்தஸ்தான் எல்லோரையும் மயக்கும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பேரினம். சிலவற்றின் பூ இலைமேல் ஒட்டிவைத்த மணி போல உட்கார்ந்திருக்கும். ஆனால் சூடு கூடினாலோ காற்று உலர்ந்தாலோ பச்சை இலையையே பொலபொலவென்று உதிர்த்துவிடும். விதிவிலக்காக லெபாந்தஸ் டெலிபோகோனிஃப்ளோரா வெப்பத்தை ஓரளவு தாங்கும். ஆரஞ்சு நிறப் பூ இலையைவிடப் பெரியது. ஆறு மாதம் பெட்டியை ஓட்டிப் பழகிய பிறகு இந்தப் பக்கம் வாருங்கள். கடுகளவுப் பூக்கள் பூக்கும் பிளாட்டிஸ்டீல் ஜங்கர்மேனியாய்டஸ் அதற்கும் பிறகு. இரண்டு மி.மீ. பூவைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி வேண்டும்.

குள்ளமாக இருக்கிறதே என்று எதையும் உள்ளே விடாதீர்கள். பருவத்தில் வறண்ட ஓய்வு தேவைப்படும் டென்ட்ரோபிய வகைகள் இந்த ஈரத்தில் பூக்காது. சாதாரண ஃபலனாப்சிஸ் ஒரே வருடத்தில் பெட்டியை நிறைத்துவிடும், குருத்தில் தண்ணீர் நின்று அழுகவும் செய்யும்.

காட்டிலிருந்து பிடுங்கிய செடி வேண்டவே வேண்டாம். ஆர்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் நாடு கடந்த வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. நாட்டு எல்லை தாண்டி வரும் செடிக்கு உரிய தாள்கள் இருக்க வேண்டும். நாற்றங்காலில் வளர்த்தது என்று விற்பவர் சொன்னால் வேரைப் பாருங்கள். ஒரே அளவில், சுத்தமான பாசியில், புது வேர்களோடு இருந்தால் நம்பலாம். முறிந்த பழைய வேரும், இலைமேல் காட்டுப் பாசியும், பூச்சி கடித்த தழும்பும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கட்டும் விதம்

புதுச் செடி வந்ததும் இரண்டு மூன்று வாரம் தனியே ஒரு மூடிய டப்பாவில் வையுங்கள். பழைய பாசியை முழுக்க அகற்றி விடுங்கள். நத்தை முட்டை வருவது அதன் வழியாகத்தான்.

உலர்ந்த ஸ்பேக்னம் பாசியை அரை மணி நேரம் ஊறவைத்து, கையில் பிழிந்து, இனிச் சொட்டாது என்ற நிலைக்கு வரட்டும். உள்ளங்கையளவு கார்க் பட்டையின் சொரசொரப்பான பக்கத்தில் அந்தப் பாசியை மெல்லிய பாய் போலப் பரப்புங்கள். லெபாந்தஸ், ரெஸ்ட்ரெபியா போன்ற மெல்லிய வேர்ச் செடிகளுக்கு அரை செ.மீ. கனம். ஹரேல்லா போன்ற தடித்த வேர்ச் செடிக்குப் பாசி பெயருக்கு ஒரு இழை போதும், இல்லாமலும் இருக்கலாம். வேர்களை விரித்துப் பாசிமேல் படுக்க வையுங்கள். இலைகள் கிளம்பும் அடிப்பகுதி பாசிக்கு மேலே வெளியே தெரிய வேண்டும். அதைப் புதைத்தால் அழுகல் அங்கிருந்துதான் தொடங்கும்.

மெல்லிய தூண்டில் நரம்பால் மூன்று சுற்று. இலைக்காம்பின் மேல் போகாமல், பழைய வேர்கள் இருக்கும் இடத்தின் மேல் போகட்டும். முடிச்சு பட்டையின் பின்பக்கம். முடித்ததும் செடியை விரல் நுனியால் லேசாகத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். ஆடும் செடியில் புது வேர்முனை பட்டையில் உரசி உரசியே முறியும். மாதக் கணக்கில் வேர் விடாமல் நிற்கும் செடிகளில் பாதி இப்படி ஆடிக்கொண்டிருப்பவைதான். ஆறு மாதத்தில் வேர் பிடித்ததும் நரம்பை வெட்டி எடுத்துவிடலாம்.

தொங்கவிடும்போது ஹரேல்லா மேலே, வெளிச்சமும் காற்றும் இருக்கும் இடத்தில். ரெஸ்ட்ரெபியா நடுவில். லெபாந்தஸ் அதற்குக் கீழே, மக்கோடஸ் தரையில். ஒரு வாரத்துக்கு ஒரு செடி என்ற கணக்கில் சேர்த்தால் தவறு நடந்தாலும் ஒன்றோடு நிற்கும்.

தண்ணீரும் உரமும்

மழைநீர் அல்லது ஆர்ஓ தண்ணீர். டிடிஎஸ், அதாவது நீரில் கரைந்த உப்புகளின் அளவு, 50க்குக் கீழே. குழாய்த் தண்ணீரின் உப்பு பாசியில் படிந்துகொண்டே போகும். வெளியே வடியாத பெட்டிக்குள் அந்த உப்புக்குப் போக்கிடம் இல்லை. பாசி நுனி பழுப்பாவது முதல் எச்சரிக்கை, இலை நுனி கருகுவது இரண்டாவது.

காலையில், விளக்கு எரிந்ததும் தெளியுங்கள். இரவில் ஈர இலையோடு எந்தச் செடியும் தூங்கப் போகக் கூடாது. தினமும் தெளிக்க வேண்டுமா என்று கேட்டால், பட்டையைப் பாருங்கள் என்பேன். நனைந்த ஸ்பேக்னம் அடர்ந்த நிறத்தில், கனமாக இருக்கும். உலர உலர ஓரத்திலிருந்து வைக்கோல் நிறமாகும். ஓரம் வெளுத்து நடுவில் இன்னும் நிறம் இருக்கும்போது தெளிப்பது சரியான தருணம். தடித்த வேர்களில் இன்னும் தெளிவாகத் தெரியும். வேரைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற உறை காய்ந்தால் வெள்ளி நிறம், தண்ணீர் பட்ட சில விநாடிகளில் பச்சை. பச்சையாக இருக்கும் வேருக்குத் தண்ணீர் வேண்டாம். விசிறி சரியாக ஓடும் பெட்டியில் மேல்தட்டுக்குத் தினம் ஒரு முறையும், அடித்தட்டுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறையும் தேவைப்படும். தானியங்கித் தெளிப்பான் வாங்க அவசரம் வேண்டாம். கையால் தெளிக்கும் காலம்தான் ஒவ்வொரு செடியும் எவ்வளவு குடிக்கிறது என்று கற்றுக்கொடுக்கும்.

உரம் முதல் மாதம் கிடையாது. பிறகு பொட்டலத்தில் சொன்ன அளவில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. உரம் கொடுக்கும் நாளில் பட்டையை வெளியே எடுத்துத் தெளித்துவிட்டு, வடிந்த பிறகு உள்ளே வைத்தால் அடித்தளத்தில் உப்பு சேராது. தொங்கவிடச் சொன்னதன் இன்னொரு லாபம் இது.

கோளாறுகள்

இலையடி கண்ணாடி போல மாறினால் அழுகல். அந்த இலையை நல்ல பகுதி வரை கத்தியால் வெட்டுங்கள். கத்தியைத் தீயில் காட்டியோ ஸ்பிரிட்டில் துடைத்தோ எடுத்துக்கொள்ளுங்கள். செடியை விசிறிக்கு அருகே மாற்றி இரண்டு நாள் தெளிக்காமல் விடுங்கள். நான் ஜாடியில் செய்ததற்கு நேர் எதிர். புது இலை விசிறி மடிப்பாகச் சுருங்கி வந்தால் நேர் மாறான கோளாறு, அது வளரும்போது தண்ணீர் கிடைக்கவில்லை.

வேர்முனைகள் ஒரே இரவில் மொட்டையானால் நத்தை. சில மி.மீ. அளவுள்ள தட்டையான பழுப்பு நத்தை, பகலில் கண்ணில் படாது. மாலையில் ஒரு வெள்ளரித் துண்டைத் தரையில் வைத்துவிட்டு, விளக்கணைந்து இரண்டு மணி நேரம் கழித்து டார்ச்சோடு போனால் அதன் அடியில் கூட்டமாக இருக்கும். பட்டையை ஒரு இரவு தண்ணீரில் மூழ்க வைத்தாலும் வெளியே வரும். முட்டை மிஞ்சும் என்பதால் வாரத்துக்கு ஒரு முறையாக ஒரு மாதம் இதைச் செய்ய வேண்டும்.

கண்ணாடியில் பறக்கும் சின்னக் கறுப்புக் கொசுக்கள் பூஞ்சைக் கொசுக்கள். பாசி எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது என்பதற்கு அவையே சாட்சி. பிடிஐ என்ற பாக்டீரியா மருந்தைத் தெளிக்கும் நீரில் கலந்தால் புழுக்கள் சாகும். ஒரு வேடிக்கை, கோஸ்டாரிகாவின் லெபாந்தஸ் ஒன்றில் மகரந்தச் சேர்க்கை செய்வதே ஆண் பூஞ்சைக் கொசுதான். பூவைப் பெண் கொசு என்று நம்பி ஏமாந்து போகிறது.

பாசி பெருகி ஆர்கிட்டையே மூடிவிடுவதும் நடக்கும். நல்ல பெட்டியின் அடையாளம்தான் அது, ஆனாலும் மாதம் ஒரு முறை இடுக்கியால் செடியைச் சுற்றிப் பாசியைக் கிள்ளிவிடுங்கள்.

பூத்து முடிந்ததும் காம்பு காய்ந்துவிட்டதே என்று வெட்டிவிட வேண்டாம். லெபாந்தஸ் ஒரே காம்பில் ஒன்றன்பின் ஒன்றாக மாதக் கணக்கில் பூக்கும். முழுக்கப் பழுப்பாகிக் கையோடு வரும்போது எடுத்தால் போதும். பூக்கவே இல்லை என்று தோன்றினால் பட்டையைக் கொக்கியிலிருந்து எடுத்து, இலைகளைக் கீழிருந்து மேலாகப் பாருங்கள். பல இனங்களில் பூ இலைக்கு அடியில்தான் ஒளிந்திருக்கும்.